வெற்றிலைத் தட்டு நியமித்த நடுவர்கள்

(மேலக்கரை நூல் ஆலைக்கும் இலுப்பைக்கால் விவசாயிகளுக்கும் ஏற்பட்ட தண்ணீர்த் தகராறைத் தீர்த்த நடுவர்களைப் பாராட்ட, 1913ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அம்பாசமுத்திரம் சந்தைப் பந்தலில் கூடிய கூட்டத்தில், நடுவர்களில் ஒருவரான பாளையங்கோட்டைத் தமிழ் உபாத்தியாயர் கிருபைராஜ் பேசியது.)

மங்காத புகழும் மாறாத புன்னகையுமாக இம்மன்றத்தின் நடுவே வீற்றிருக்கும் அக்கிராசனாதிபதி, நெல் மண்டி தாஜ் முகம்மது அண்ணாச்சி அவர்களே. இலுப்பைக்கால் விவசாயிகளின் தலைவர், குரலில் இடியும் குணத்தில் மழையும் வைத்திருக்கும் ஐயம்பெருமாள் அவர்களே. மேலக்கரை நூல் ஆலையின் காரியஸ்தர், கணக்கிலும் கண்ணியத்திலும் பிசகாத காந்திமதிநாதன் அவர்களே. முன்வரிசையில் அமர்ந்து என்னையே உற்று நோக்கிக்கொண்டிருக்கும் சர்க்கார் விசாரணை அதிகாரி ஐயா அவர்களே. முக்கூடலிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து முதுகு வலியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளை மடியிலும் வேலைகளை மனத்திலும் வைத்துக்கொண்டு காத்திருக்கும் தாய்மார்களே. பந்தலுக்கு வெளியே மாட்டை அவிழ்க்காமலே வண்டியில் அமர்ந்து கேட்கும் வண்டிக்காரத் தோழர்களே. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம், வந்தனம், வாழ்த்து.

என் கழுத்தைப் பாருங்கள். மாலை. மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணக்க மணக்க ஒரு மாலை. இதைக் காலையில் கட்டியபோது நான் நீர்விசை நடுவர் சபையின் மூன்றாம் உறுப்பினன். மத்தியானம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. அதன்பிறகு நான் யார்? உறுப்பினனா, உறுப்பினன் இல்லையா, ஒருகாலத்தில் உறுப்பினனாக இருந்தவனா, அல்லது என்றைக்குமே உறுப்பினனாக இராமல் மாலை மட்டும் வாங்கிக்கொண்டவனா? எனக்குத் தெரியவில்லை. அக்கிராசனாதிபதி அண்ணாச்சியைக் கேட்டேன். அவர், "எனக்கும் வெளங்கல வாத்தியாரே, மால வாடுறதுக்குள்ள பேசி முடிச்சிருங்க" என்றார்கள். ஆகவே பேசுகிறேன்.

நடுவர்கள் எப்படி நியமிக்கப்பட்டார்கள் என்பதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது பிள்ளைகளுக்கு இலக்கணம் விளக்கியவன் நான். இதை விளக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆயினும் முயல்கிறேன். குழம்பினால் நீங்களும் என்னோடு சேர்ந்து குழம்புங்கள். தனியாகக் குழம்புவதுதான் கஷ்டம்.

தகராறு என்ன? மலையடிவாரத்தில், கடனை நதியின் மேலே, மேலக்கரை நூல் ஆலை நிற்கிறது. அங்கே கரி இல்லை, விறகு இல்லை, புகை இல்லை. ஆற்றை அணை கட்டித் தேக்கி, குழாய் வழியே இறக்கி, இரும்புச் சக்கரத்தின்மேல் விழச் செய்கிறார்கள். விழுகிற தண்ணீரின் விசையில் சக்கரம் சுழல்கிறது. சக்கரம் சுழலச் சுழல நூற்புக் கதிர்கள் சுழல்கின்றன. கதிர்கள் சுழலச் சுழல நூல் வருகிறது. சுற்றிவிட்டு வெளியே வருகிற தண்ணீர்தான் இலுப்பைக்கால் வாய்க்காலில் புகுந்து, வயல் வயலாக நடந்து, முக்கூடல் பக்கத்துக் கடைமடையில் வந்து முடிகிறது. நூலுக்கும் அதே நீர், நெல்லுக்கும் அதே நீர். இதில் சண்டைக்கு இடம் எங்கே?

இடம் இருக்கிறது ஐயா. ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது.

ஆலைத் துரைக்கு ஞாயிறு ஓய்வுநாள். துரைக்கு ஓய்வு, ஆகவே தொழிலாளிக்கு ஓய்வு. தொழிலாளிக்கு ஓய்வு, ஆகவே சக்கரத்துக்கு ஓய்வு. சக்கரத்துக்கு ஓய்வு, ஆகவே மதகை இறக்கித் தண்ணீருக்கும் ஓய்வு. நானும் ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவன். ஓய்வுநாள் மனிதனுக்கு உண்டு, மாட்டுக்கும் உண்டு. தண்ணீருக்கும் உண்டு என்று எந்தப் போதகரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் இங்கே தண்ணீர் நம்மைவிடப் பக்தியாக ஓய்ந்திருந்தது. திங்கட்கிழமை மதகைத் தூக்கினால், காய்ந்து கிடக்கும் கால்வாயின் குண்டுகுழிகளை முதலில் நிரப்பி, தலைமடை வயல்களை நனைத்து, நடுமடையில் நின்று, கடைமடைக்கு வந்து சேரும்போது வாரம் பாதி கழிந்துவிடும். சேர்ந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும்.

கடைமடையில் ஓர் அம்மாள் குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள். பெயர் சுடலைவடிவு. ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம், வெற்றிலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கார் பருவத்துக்கு நாற்றுப் பாவியிருந்தார்கள். நாற்று வளர்கிறபோதெல்லாம் ஞாயிறு வருகிறது. ஞாயிறு வருகிறபோதெல்லாம் நாற்று மஞ்சளாகிறது. இந்தக் கார் பொய்த்தால் குத்தகை நிலம் அவர்கள் கையை விட்டுப் போகும். இந்தத் தகராறில் அந்த அம்மாளுக்குப் போகக்கூடியது அதுதான். நாம் மாலையும் மேடையுமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்ன ஐயா, பின்னால் யாரோ கேட்கிறீர்கள்? "வண்டிய மறிச்சதச் சொல்லும் வே" என்கிறீர்களா? சொல்லுகிறேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது. மறித்தவரே மேடையில் இருக்கிறார். தண்ணீர் வராத கோபத்தில் ஐயம்பெருமாள் அவர்கள் ஆட்களைத் திரட்டி, ஆலைக்குப் பஞ்சு ஏற்றிப்போன வண்டிகளைப் பாதையில் மறித்தார்கள். ஆலை நின்றது. வண்டிக்காரர்கள் வயிறு காய்ந்தது. ஆலை புகார் எழுதியது, விவசாயிகள் புகார் எழுதினார்கள். இரண்டு புகாரும் மேலிடத்துக்குப் போய், அங்கிருந்து பிறந்ததுதான் நீர்விசை நடுவர் சபை.

உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது. ஆலைத் தரப்பு ஒருவரை நியமிக்கட்டும். விவசாயிகள் தரப்பு ஒருவரை நியமிக்கட்டும். இருவரும் கூடி, எந்தத் தரப்பையும் சேராத மூன்றாமவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். மூவரும் சொல்வது தீர்ப்பு. இதில் குழம்புவதற்கு ஏதாவது உண்டா? ஒன்றுமில்லை. நாம் குழப்பினோம். நம்முடைய மரியாதையால் குழப்பினோம்.

இதே ஊரில், சத்திரத்துக் கூடத்தில், இரு தரப்பும் கூடின. அதிகாரி ஐயா அவர்கள் கோதாவரிக் கரையிலிருந்து நம் ஜில்லாவுக்குப் புதிதாக வந்தவர்கள். நல்லவர்கள், பொறுமைசாலிகள், நம் வழக்கத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள். அந்த நினைப்பில்தான் வினை புகுந்தது. எழுந்து நின்று, "உங்கள் வழக்கப்படி உங்கள் ஆளைக் காட்டுங்கள்" என்று சொன்னார்கள்.

தாய்மார்களே, நம் வழக்கம் என்ன? எதிரியாகவே இருக்கட்டும், கூடத்தில் எதிரே வந்து உட்கார்ந்துவிட்டால், பேச்சைத் தொடங்குமுன் முதல் தாம்பூலம் யாருக்கு? எதிர்த்தரப்புக்கு. தன் ஆளுக்குத் தாம்பூலம் நீட்டிவிட்டு எதிரே இருப்பவரைப் பார்க்கவைத்தால், அந்தக் குடும்பத்தில் பெண் கொடுப்பார்களா, பெண் எடுப்பார்களா? அதன்படி ஐயம்பெருமாள் அவர்கள் தட்டை எடுத்தார்கள். நேரே போய்க் காந்திமதிநாதன் அவர்கள் முன்னால் நீட்டினார்கள். "எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி." காந்திமதிநாதன் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தம் தரப்புத் தட்டைத் தூக்கினார்கள். ஐயம்பெருமாள் அவர்கள் முன்னால் நீட்டினார்கள். "நீங்களும் எடுத்துக்கிடணும்." அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். கூடம் முழுவதும் திருப்தி. சண்டையாக இருந்தாலும் முறை தவறவில்லை என்று எல்லோருக்கும் ஒரு பெருமை.

அதிகாரி ஐயா எழுதிக்கொண்டார்கள். அவர்கள் ஊரில், தன் சார்பில் பேசப்போகிறவனுக்குத்தான் தாம்பூலம் கொடுப்பார்களாம். எழுதி முடித்து, நன்றி சொல்லி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வண்டியேறிப் போய்விட்டார்கள். நாம் அதன்பிறகு யாரை நியமிக்கலாம் என்று பேசத் தொடங்கினோம்.

சில நாளில் உத்தரவு வந்தது. விவசாயிகளின் உறுப்பினர், ஆலைக் காரியஸ்தர் காந்திமதிநாதன். ஆலையின் உறுப்பினர், விவசாயிகள் தலைவர் ஐயம்பெருமாள்.

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்தே ஓடினார்கள் அதிகாரியிடம். அங்கே நடந்த பேச்சை ஐயம்பெருமாள் அவர்கள் எனக்குச் சொன்னபடியே சொல்லுகிறேன்.

"தட்டை நீட்டினீர்களா?"

"நீட்டினோம் ஐயா."

"அவர் எடுத்தாரா?"

"எடுத்தாரு."

"மனமுவந்து கொடுத்தீர்களா, மனமில்லாமல் கொடுத்தீர்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? எதிரே காந்திமதிநாதன் நிற்கிறார்கள். மனமில்லாமல் கொடுத்தேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? கொடுத்த தாம்பூலத்தைத் திரும்பக் கேட்பது போலல்லவா ஆகும்? "மனசோடதான் ஐயா குடுத்தோம்" என்று சொல்லிவிட்டார்கள். "அப்புறம் என்ன?" என்றார்கள் அதிகாரி. மாற்ற வேண்டுமானால் மேலிடத்துக்கு மனு எழுதுங்கள் என்றார்கள். இரு தரப்பும் சேர்ந்து, அதுவும் ஒரே மையில், மனு எழுதிப் போட்டார்கள். மேலிடம் அப்போது கோடைக்கு மலையேறிக் குளிர்ச்சியாக இருந்தது. பதில் வரவில்லை.

பதில் வரவில்லை என்பதற்காக நாற்று காத்திருக்குமா? காத்திருக்காது. ஆகவே இருவரும் மூன்றாமவரைத் தேடினார்கள். இங்கேதான் நான் வருகிறேன். என் மகள் எலிசபெத் இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தேன். இருவரும் வீடு தேடி வந்தார்கள். வந்தவர்களுக்கு எலிசபெத் வெற்றிலைத் தட்டு வைத்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டு, என்னையே பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை. இன்னும் பார்த்தார்கள். எடுக்கவில்லை. காந்திமதிநாதன் அவர்கள் ஐயம்பெருமாள் அவர்களின் தொடையைத் தட்டி, "கிடைச்சிட்டாரு வே. வெத்தலயே போடாத மனுசன். இவர யாரும் தட்ட நீட்டி மடக்க முடியாது" என்றார்கள்.

இப்படித்தான் நான் நியமிக்கப்பட்டேன். கல்விக்காக என்று நினைத்தீர்களா? நடுநிலைக்காக என்று நினைத்தீர்களா? கடைவாயில் எனக்கு இரண்டு பக்கமும் பல் இல்லை. மெல்ல முடியாது. அதுதான் காரணம். அதை அன்றே சொல்லியிருப்பேன். அதற்குள் இருவரும் எழுந்து கும்பிட்டுவிட்டார்கள்.

யாரது, "அப்ப யாருக்கு யாரு ஆளு"? அதைத்தான் ஐயா நானும் முதல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆலைக்கரையில் சபை கூடியது. நடுவர் நாற்காலி மூன்று, எதிரே சாட்சிக்கு ஒன்று. வலப்பக்கம் விவசாயிகளின் உறுப்பினர், அவர் ஆலைக்காரர். இடப்பக்கம் ஆலையின் உறுப்பினர், அவர் விவசாயி. நடுவில் பல் இல்லாத நான். இருவரும் வாயைத் திறக்கவில்லை. தன் மக்களுக்காகப் பேசினால், தின்ற தாம்பூலத்துக்குத் துரோகம். தாம்பூலம் தந்தவர்களுக்காகப் பேசினால், தன் மக்களுக்குத் துரோகம். பேசாமல் இருந்தால் இருவருக்கும் துரோகம்.

அப்போது சுடலைவடிவு அம்மாள் வந்தார்கள். தலையில் கூடை, கையில் ஒரு பிடி மஞ்சள் நாற்று. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, எனக்குப் பேசுத ஆளு யாரு?"

நான் காந்திமதிநாதனைக் காட்டினேன். அந்த அம்மாளுக்கு அவரைத் தெரியும். மதகை மூடச் சொல்லுகிறவர் என்று தெரியும். திரும்பிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றார்கள்.

"அண்ணாச்சி, அன்னைக்குச் சத்திரத்துல ஒங்களுக்கு நீட்டுன தட்டுல இருந்த வெத்தல எங்க வீட்டுக் கொடியில பறிச்சது. நான்தான் பறிச்சுக் குடுத்துவிட்டேன். தின்னீயள்ளா?"

"தின்னேன் தாயி" என்றார்கள் காந்திமதிநாதன்.

"அப்பம் பேசுங்க. இது நாத்து. இதப் பாத்துப் பேசுங்க." நாற்றை அவர் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, பைய நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள்.

பெரியோர்களே, பிறகு நடந்ததை நான் கண்ணால் கண்டேன். கண்டும் நம்பவில்லை. காந்திமதிநாதன் அவர்கள் அந்த நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு விவசாயிகளின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே இருந்த சாட்சி நாற்காலியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்கள். "சக்கரத்துக்குப் போகாம, தண்ணி வெளிய போறதுக்குப் பக்க மதகு ஒண்ணு இருக்கா, இல்லயா?" சாட்சி நாற்காலி காலியாக இருந்தது. ஆலைத் தரப்புச் சாட்சி யார்? காரியஸ்தர். காரியஸ்தர் யார்? கேள்வி கேட்டவரேதான். எழுந்தார்கள். நடந்து போய்ச் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"இருக்கு" என்றார்கள்.

எழுந்து வந்தார்கள். "ஞாயித்துக்கெழம அத ஏன் தொறக்கல?" போனார்கள். "ஆலைக்கு லீவு. தொறக்க ஆளு இல்ல." வந்தார்கள். "காவலுக்கு நிக்கிற பீர் மைதீனுக்கு என்னைக்கு லீவு?" போனார்கள். "வெள்ளிக்கெழம. தொழுகைக்குப் போவாரு." வந்தார்கள். "அப்பம் ஞாயித்துக்கெழம அவரு அங்கனதான நிக்காரு? ஏன் தொறக்கச் சொல்லல?" போனார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்: "யாரும் கேக்கல."

கேட்டீர்களா? ஆலைக்கு அதனால் ஒரு துளி நஷ்டம் இல்லை. சக்கரம் ஓய்ந்திருக்கலாம், துரை ஓய்ந்திருக்கலாம், மதகுமட்டும் திறந்திருக்கலாம். ஆனால் பக்க மதகு ஒன்று இருப்பது இலுப்பைக்காலில் எவருக்கும் தெரியாது. தெரியாததை எப்படிக் கேட்பார்கள்? தெரிந்தவர் ஒருவர்தான். அவர் மற்றத் தரப்பில் இருந்த வரையில் யாரும் அவரைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஐயம்பெருமாள் அவர்களால் சும்மா இருக்க முடியுமா? அவர்களும் எழுந்தார்கள், ஆலையின் உறுப்பினராக. "பஞ்சு வண்டியை மறிச்சது யாரு?" என்று இடிபோலக் கேட்டார்கள். போய் எதிரே உட்கார்ந்து, "நான்தாம் வே" என்று அதைவிட உரக்கச் சொன்னார்கள். "வண்டிக்காரன் ஒனக்கு என்ன செஞ்சான்? அவன் புள்ளைக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?" என்று தம்மைத் தாமே திட்டிக்கொண்டார்கள். இனி மறிப்பதில்லை என்று தமக்குத் தாமே வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. எலிசபெத் தைலம் தேய்த்துவிட்டாள்.

தீர்ப்பு எழுதினோம். ஞாயிறுதோறும் பீர் மைதீன் பக்க மதகைத் தூக்குவார். வண்டிகளை எவரும் மறிக்கக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை, முதல் தடவையாக, ஆலை ஓய்ந்திருக்கத் தண்ணீர் நடந்தது. கடைமடையில் நாற்றுப் பச்சை கண்டது. நாளை ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர் வந்தால் திங்கட்கிழமை நடவு. அதற்காகத்தான் இந்தப் பந்தல், இந்த மாலை, இந்தப் பாராட்டு.

மத்தியானம் உத்தரவு வந்தது. நாம் அன்றைக்குக் கதறிக் கதறிக் கேட்டோமே, ஒரே மையில் மனு எழுதிப் போட்டோமே, அந்த மனுவுக்குப் பதில். மேலிடம் நம் மனக்குறையை ஏற்றுக்கொண்டது. நியமனத்தில் தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. இரண்டு நியமனமும் ரத்து. தரப்பினர் அதிகாரி முன்னிலையில் தத்தம் ஆளை மீண்டும் நியமிக்கவேண்டும். அதுவரை தீர்ப்பு நிறுத்திவைக்கப்படுகிறது.

இப்போது சொல்லுங்கள். அவர்கள் இருவரும் உறுப்பினர்கள் இல்லையென்றால், அவர்கள் நியமித்த நான் யார்? நான் யாரும் இல்லையென்றால், நான் கையெழுத்திட்ட தீர்ப்பு எது? தீர்ப்பு இல்லையென்றால், போன ஞாயிற்றுக்கிழமை கடைமடைக்கு வந்ததே, அது தண்ணீரா, இல்லையா? நாற்று பச்சை கண்டதே, அது செல்லுமா, செல்லாதா? நாளைக்குப் பீர் மைதீன் மதகடியில் நின்றால், அவர் தூக்கலாமா, தூக்கக்கூடாதா? எனக்குக் கோபமாக இருக்கிறது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. நாம் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

முறைப்படி நியமித்தால் இனி என்ன ஆகும்? ஆலைக்காரர் ஆலைக்குப் பேசுவார். விவசாயி விவசாயிக்குப் பேசுவார். கேள்வி கேட்கிறவருக்குப் பதில் தெரியாது. பதில் தெரிந்தவரை யாரும் கேட்கமாட்டார்கள். பெயர்கள் சரியான இடத்தில் இருக்கும். தண்ணீர் மட்டும் பழைய இடத்தில் இருக்கும். இதுதான் நேர் என்றால் நேர். எனக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்.

இருங்கள். அதிகாரி ஐயா எழுந்து ஏதோ சொல்லுகிறார்கள். சொல்லுங்கள் ஐயா. ஆம். ஆம். தாய்மார்களுக்குக் கேட்கவில்லை, நான் திருப்பிச் சொல்லுகிறேன். இரு தரப்பும் இங்கேயே இருக்கிறார்கள், அதிகாரியும் இங்கேயே இருக்கிறார்கள். இப்போதே, இந்த மேடையிலேயே நியமனம் செய்யலாம் என்கிறார்கள். இந்தத் தடவை தட்டை மட்டும் பார்த்து எழுதமாட்டார்களாம். வாயைத் திறந்து கேட்டு எழுதுவார்களாம். மகராசனாக இருக்க வேண்டும் ஐயா.

தட்டை எடுத்துக்கொண்டு ஐயம்பெருமாள் அவர்கள் எழுந்துவிட்டார்கள். இலுப்பைக்காலின் தட்டு. யாருக்குக் கொடுக்கப்போகிறார்கள்? சத்தம் போடாதீர்கள். "நீரே இரும்" என்று ஒரு பக்கம், "ஆலைக்காரன் வேண்டாம்" என்று ஒரு பக்கம். அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மேடையை விட்டு இறங்குகிறார்கள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் போகிறார்கள். "வடிவு, கடைமட ஒன்னோடது. நீ குடு தாயி" என்கிறார்கள்.

வழி விடுங்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாள் வருகிறார்கள். வெறுங்காலோடு, சேறு காயாத சேலையோடு, இந்த மேடையில் ஏறுகிறார்கள். என்னைத் தாண்டிவிட்டார்கள். அக்கிராசனாதிபதி அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மாள் காந்திமதிநாதன் அவர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

"அன்னைக்குத் தெரியாமக் குடுத்தோம் அண்ணாச்சி. இன்னைக்குத் தெரிஞ்சே குடுக்கேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம."

அதிகாரி கேட்கிறார்கள், "இவர் உங்கள் ஆளா அம்மா?"

"ஆமாய்யா. எங்க ஆளு."

எடுத்துக்கொண்டார்கள். ஐயா, காந்திமதிநாதன் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைக்கிறார்கள். ஆலையின் தட்டைத் தூக்கிக்கொண்டு ஐயம்பெருமாள் அவர்களிடம் போகிறார்கள். "வாரும் வே, எங்க ஆளா இரும். வண்டி பத்திரமாப் போகட்டும்." அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி ஐயா எழுதுகிறார்கள். போன தடவை எழுதிய அதே இரண்டு பெயர்கள், அதே இரண்டு இடத்தில்.

இருவரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். நான் மூன்றாமவனாக இருப்பதில் இருவருக்கும் ஆட்சேபம் இல்லையாம். அம்மாள் ஒரு வெற்றிலையை என்னிடம் நீட்டுகிறார்கள். எனக்குப் பல் இல்லை தாயி, எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டேனே. "மெல்ல வேண்டாம் ஐயா, கையில வச்சிக்கிடுங்க" என்கிறார்கள். இதை வாங்கினால் நான் கடைமடையின் ஆளாகிவிடுவேனா? நடுநிலை என்ன ஆகும்? அதிகாரி ஐயா என்னைப் பார்த்துப் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த இலையும் கையுமாக விடைபெறுகிறேன். கூட்டம் கூட்டிய அன்பர்களுக்கும், குழப்பத்தைக் குறையாமல் கேட்ட உங்களுக்கும், மாலை வாடும்வரை மணியடிக்காத அக்கிராசனாதிபதி அண்ணாச்சிக்கும் என் நன்றி. நடுவர்கள் எப்படி நியமிக்கப்படுகிறார்கள் என்று நாளைக்கு யாராவது என்னைக் கேட்டால், இன்னும் எனக்குச் சொல்லத் தெரியாது. காலையில் ஆராதனைக்கு முன்னால் ஆலைக்கரைக்குப் போகிறேன். பீர் மைதீன் மதகைத் தூக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசை. முக்கூடல் அன்பர்களே, நீங்கள் இப்போதே வண்டியைப் பூட்டுங்கள், தண்ணீர் உங்களுக்கு முந்தி ஊர் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. எல்லோருக்கும் வணக்கம்.